அயல்நாட்டுப் பெருநாவல்கள் ஏன் நம்மைப் பிடித்துவைக்கின்றன?

என் தம்பியின் பேரன் தேவகோட்டையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தபோது, என் மேசையில் கிடந்த தடித்த புத்தகங்களைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டான். "ருஷ்யாவையும் சீனாவையும் பற்றித் தெரிந்துகொள்ள அரை மணி நேரக் காணொளி போதுமே ஐயா, முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் கல்யாணத்தையும் கருமாதியையும் ஆயிரம் பக்கம் படிப்பதில் என்ன சுகம்?" என்பது முதல் கேள்வி. "படித்தே ஆக வேண்டுமென்றால் சுருக்கப் பதிப்புப் படித்தால் ஆகாதா?" என்பது இரண்டாவது. அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். கேள்வி அதைவிட நல்ல பதிலுக்குத் தகுதியுடையது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இவ்வகை நாவல்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சிறப்பு, டிக்கெட் எடுக்காமல் வெளிநாடு போய்வரலாம் என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இடத்தைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் தம்பி பேரன் சொல்லும் காணொளியே மேல். பனி எப்படிப் பெய்கிறது, மாளிகை எத்தனை உயரம் என்பதை எந்த எழுத்தாளனும் கேமராவைப் போலக் காட்டிவிட முடியாது. அயல்நாட்டுப் பெருநாவல் செய்யும் வேலையே வேறு. அந்த ஊர்க்காரர்களுக்கு எதெல்லாம் பேசத் தேவையில்லாத வழக்கமோ, அதெல்லாம் நமக்கும் பேசத் தேவையில்லாத வழக்கமாக மாறும்வரை அது நம்மை அங்கே குடிவைத்திருக்கிறது. அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாள்கள்தாம் பக்கங்கள்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த காட்சி ஒரு சீன நாவலில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் த்ஸாவ் ஷுவேச்சின் எழுதி, அவர் மறைவுக்குப் பின் வேறு கைகளும் சேர்ந்து 1791இல் 120 அத்தியாயங்களாக அச்சேறிய 'சிவப்பு மாடத்துக் கனவு' அது. ஆங்கிலத்தில் டேவிட் ஹாக்ஸும் ஜான் மின்ஃபோர்டும் செய்த மொழிபெயர்ப்பு ஐந்து பாகம். மூன்றாம் அத்தியாயத்தில், தாயை இழந்த லின் தாய்யூ என்ற சிறுமி தன் தாயைப் பெற்ற பாட்டியின் மாளிகைக்கு, நம் வழக்கில் சொன்னால் ஆயா வீட்டுக்கு, முதன்முறையாக வருகிறாள். யாரும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று ஒவ்வோர் அடியையும் எண்ணி வைக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் அவள் கையில் தேநீர் தரப்படுகிறது. அவளுடைய வீட்டில், உண்டவுடன் தேநீர் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது, சற்றுப் பொறுத்துத்தான் குடிக்க வேண்டும் என்று தகப்பனார் பழக்கியிருக்கிறார். இங்கே வழக்கம் வேறு போலும் என்று கோப்பையை வாங்குகிறாள், ஆனால் குடிக்கவில்லை. மற்றவர்களைப் பார்க்கிறாள். ஒரு பணிப்பெண் கிண்ணத்தை நீட்ட, எல்லோரும் அந்தத் தேநீரால் வாய் கொப்பளிக்கிறார்கள். அவளும் கொப்பளிக்கிறாள். பிறகு இரண்டாவது தேநீர் வருகிறது, குடிப்பதற்குரியது அதுதான்.

அயல்நாட்டு நாவலைத் திறக்கும் ஒவ்வொரு வாசகனின் நிலையும் அந்தச் சிறுமியின் நிலைதான். முதல் நூறு பக்கங்களில் எந்தத் தேநீர் கொப்பளிக்க, எந்தத் தேநீர் குடிக்க என்று தெரியாமல் விழிக்கிறோம். நானூறாம் பக்கத்தில் அதே மாளிகைக்கு ஒரு நாட்டுப்புறக் கிழவி வந்து, எதை எப்படித் தொடுவது என்று தெரியாமல் தடுமாறும்போது, நாம் வீட்டாரோடு சேர்ந்து நின்று சிரிக்கிறோம். இந்த இடமாற்றம் எப்போது நடந்தது என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. எங்கள் செட்டிநாட்டில், முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் கூடி வாழும் பெரிய வளவுக்குள் மருமகளாக வந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள்: வந்த அன்று முகப்பில் நுழைந்து, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டு தாண்டிச் சமையற்கட்டைச் சேர்வதற்குள் திசை தப்பியிருக்கும், எந்த ஆச்சிக்கு எந்தத் தூணடி என்பது அடுத்த பொங்கலுக்குள் தானாகத் தெரிந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சுருக்கப் பதிப்பு ஆகாது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுவே. சுருக்குகிறவர் கதையை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிறார். யார் யாரைக் கட்டினார், யார் செத்தார் என்பது எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். கழிக்கப்பட்ட சாப்பாட்டிலும் சீர்வரிசைப் பட்டியலிலும் வேலைக்காரர் சச்சரவிலுந்தான் அயல்நாடு இருந்தது.

செட்டிநாட்டு வாசகனுக்கு இந்தப் பசி கொஞ்சம் கூடுதல் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். நம் வீடுகளுக்குள் வெளிநாடு முழுக்க இறங்கியிருக்கிறது: பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, அலமாரி நிறைய மங்குச் சாமான். கல்யாண இலையில் இனிப்பாக விழும் கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்தது என்றே வீட்டில் சொல்வார்கள். பொருளெல்லாம் வந்தது, அந்த ஊர் வாழ்க்கை வரவில்லை. எங்கள் ஐயா, அதாவது பாட்டனார், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மாவுக்குப் போய், பெகு பக்கம் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக, மூன்று கணக்கு இருந்தவர். ஒரு கணக்குக்கு மூன்று ஆண்டு என்றால் ஒன்பது ஆண்டு. அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேலே பிள்ளையார் சுழி, நலம் விசாரிப்பு, அனுப்பிய தொகை, வரவேண்டிய தொகை, பெரியவர்களுக்கு நமஸ்காரம். ஒன்பது ஆண்டில் ஓரிடத்திலாவது அங்கே மழை பெய்தது என்று எழுதியிருக்கிறாரா என்று தேடினேன். ஒரு கடிதத்தில் இருக்கிறது. நெல் நனைந்து விலை இறங்கியதற்குக் காரணமாக.

வரலாற்று நூல்கள் கணக்கைத் தருகின்றன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்து, விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் அடைமானம் மூழ்கியதால், 1938இல் நூற்றுக்கு 25 பங்கானது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால் கடனுக்கு நிலத்தை இழந்த பர்மியக் குடியானவன் அன்று மாலை வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டான் என்று அது சொல்லாது. எங்கள் ஐயாவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்கு ஐயம்.

எங்கள் வீட்டு முகப்பில் ஒற்றை மரத்தில் கடைந்த தேக்குத் தூண் ஒன்று இருக்கிறது. சிறுவயது முதல் அதில் சாய்ந்துதான் படிப்பேன். அமிதாவ் கோஷ் 2000இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி கிளாஸ் பேலஸ்' என்ற நாவலையும் அங்கேதான் படித்தேன். 1885இல் ஆங்கிலேயப் படை மண்டலேயைப் பிடிப்பதில் தொடங்கி நூறாண்டுக்கு மேல் நீளும் கதை. அதில் தேக்கு வெட்டும் முறை வருகிறது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. அதனால் நிற்கும் மரத்தைச் சுற்றி அடியில் வளையமாகப் பட்டையையும் மேல்மரத்தையும் வெட்டிவிட்டு, நின்றபடியே சாகும்படி விடுவார்கள். மூன்று ஆண்டுக்கு மேலாகி மரம் உலர்ந்து இலேசானபிறகே வெட்டிச் சாய்த்து, யானைகள் ஓடைக்கரைவரை இழுத்து வர, மழைக்கால வெள்ளம் அதை ஆற்றுக்குக் கொண்டுபோகும். இதைப் படித்துவிட்டு நிமிர்ந்து என் முதுகுக்குப் பின்னால் இருந்த தூணைத் தடவிப் பார்த்தேன். மூன்று ஆண்டு நின்றபடி செத்த மரம். எங்கள் ஐயாவின் ஒரு கணக்குக்கும் அதே மூன்று ஆண்டுதான் என்பது அப்போது தோன்றியது. இதில் பெரிய பொருள் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தத் தூண் அன்றிலிருந்து எனக்கு வெறும் தூணாக இல்லை.

இனி, எல்லோரும் முதலில் சொல்லும் குறைக்கு வருகிறேன்: பெயர்கள். டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' என்ற ருஷ்ய நாவலில் ஒரே பெண் ஒரு பக்கத்தில் நதாஷா, அடுத்த பக்கத்தில் நத்தாலியா இலினிச்னா, அதற்கடுத்ததில் ரஸ்தோவா. தகப்பன் பெயர் இலியா என்பதால் இலினிச்னா. குடும்பப் பெயர் பெண்பாலில் ரஸ்தோவா. நதாஷா வீட்டில் கூப்பிடும் பெயர். வெளியூர்க்காரர் இதில் திணறுவதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் பாட்டனார், தகப்பனார் என்று தலைமுறை தலைமுறையாக எழுத்துகளை அடுக்கி விலாசம் போட்டுக் கையெழுத்திடும் ஊர்க்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஐயா பெயரையே மூத்த பேரனுக்கு இட்டு, ஒரே வளவில் மூன்று சிதம்பரம் நின்றால் பெரிய, நடு, சின்ன என்று அடைமொழி சேர்த்துச் சமாளிப்பவர்கள் நாம். கார்சியா மார்க்கேஸ் 1967இல் வெளியிட்ட நாவலில், தமிழில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என வந்திருப்பதில், அவுரேலியானோ என்ற பெயர் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருவதை உலகமே மாயம் என்று வியந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் மரபு.

செட்டிநாட்டுக் கண்ணுக்கு மட்டுமே பளிச்சென்று தெரியக்கூடிய சில இடங்களும் இந்த நாவல்களில் உண்டு. முன்பு சொன்ன சீன மாளிகையில் வீட்டு நிர்வாகம் வாங் ஷீஃபெங் என்ற இளம் மருமகள் கையில். சாமர்த்தியக்காரி. பணிப்பெண்களுக்குத் தரவேண்டிய மாதப்படி ஒருமுறை தாமதமாகிறது. ஏன் என்று ஒருத்தி விசாரிக்க, ஷீஃபெங்கின் அந்தரங்கப் பணிப்பெண் தாழ்ந்த குரலில் காரணம் சொல்கிறாள்: ஷீஃபெங் எல்லோருடைய படியையும் சேர்த்து வாங்கி வெளியே வட்டிக்கு விட்டிருக்கிறாள், வட்டி வந்து சேர்ந்ததும் பட்டுவாடா நடக்கும். பல அத்தியாயங்கள் கழித்து அரசு ஆட்கள் மாளிகையைச் சோதனையிடும்போது அந்தக் கடன் பத்திரங்களே வெளிவந்து குடும்பத்துக்குக் கேடாகின்றன. பேராசிரியர்கள் இதை நிலவுடைமைச் சமூகத்தின் சீரழிவு என்று எழுதுவார்கள். நான் அதைப் படித்தபோது, சில்லறை நாள்களில் பணம் சும்மா கிடக்கக் கூடாது என்ற அவளுடைய பதற்றத்தை முதலில் அடையாளம் கண்டுகொண்டேன். அது எங்கள் வீட்டுப் பதற்றம். இருநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு சீனப் பெண்ணின் மீது கோபம் வருவதற்கு முன்பே கூச்சம் வந்தது.

தாமஸ் மான் 1901இல் வெளியிட்ட 'புடன்புரோக்ஸ்' நாவலும் இப்படித்தான். வட ஜெர்மனியில் தானிய வணிகம் செய்யும் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை. அந்த வீட்டில் பிறப்பு, மணம், இறப்பு எல்லாவற்றையும் பதியும் குடும்ப ஏடு ஒன்று உண்டு. கடைசித் தலைமுறைச் சிறுவன் ஹன்னோ, ஒருநாள் தனியே அந்த ஏட்டைப் புரட்டி, தன் பெயருக்குக் கீழே அடிக்கோலை வைத்து அழகாக இரட்டைக் கோடு இழுத்துவிடுகிறான். தகப்பன் பார்த்துவிட்டு அதட்டுகிறார். இனி ஒன்றும் வராது என்று நினைத்தேன் என்று பையன் முணுமுணுக்கிறான். கணக்கெழுதத் தெரிந்தவருக்கு இரட்டைக் கோட்டின் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தொகை, அதாவது வரவுசெலவின் இறுதி நிலைக் கணக்கு, போட்டுப் பேரேட்டை மூடுவதுதான் அது. எங்கள் வளவில் இன்று பதினேழு புள்ளிக்கு, அதாவது பதினேழு குடும்பத்துக்கு, பங்கு. கல்யாணத்துக்கும் பங்காளி வீட்டுக் காரியத்துக்கும் மட்டும் அறைகள் திறக்கப்படுகின்றன. ஒரு ஜெர்மன் சிறுவன் இழுத்த கோடு கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் குறுக்கே விழுந்ததுபோல எனக்கு இருந்தது. ஆனால் இந்த அதிர்ச்சி ஐந்நூறு பக்கம் உடன் வாழ்ந்ததால் வந்தது. இங்கே நான் ஐந்து வரியில் சொன்னதைப் படித்து உங்களுக்கு வந்திருக்காது. வந்திருந்தால் நாவலைப் படித்தபின் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நம்மவர் ஒருவர் அயல்நாட்டை உள்ளிருந்து எழுதியதில்லையா என்றால், இருக்கிறது. சிங்கம்புணரியில் பிறந்து இளம்வயதிலேயே இன்றைய இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய் வேலை பார்த்த ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இல் நூலாக வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மேடானும் பினாங்கும் அதில் வருகின்றன. டச்சுக்காரர் வைத்த தெருப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் செட்டிமார் கடைப் பேச்சும் விளக்கம் எதுவும் இல்லாமல் ஒன்றோடொன்று மோதுகின்றன. பக்க அளவில் அது பெருநாவல் என்று சொல்லமுடியாது. ஆனாலும் அடர்த்தியில் அது ஆயிரம் பக்கத்துக்குச் சமம். எங்கள் ஐயா எழுதாமல் விட்ட கடிதங்களில் ஒன்றையாவது யாரோ எழுதியிருக்கிறார்கள் என்ற நிறைவு எனக்கு அதில் கிடைத்தது.

சிங்காரத்தின் அந்த விளக்காத பிடிவாதம் முக்கியமானது. ஊர்க்காரனுக்காக எழுதுபவன் விளக்குவதில்லை. வெளியாளுக்குக் காட்டுவதற்காக எழுதுபவன் ஒவ்வொரு பண்டத்துக்கும் நின்று விளக்குகிறான். அயல்நாட்டுக் களத்தில் எழுதப்படும் தடித்த நாவல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் வகை என்பது என் கணிப்பு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலிருந்து பெயர்த்த தூணும் நிலைக்கதவும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். வேலைப்பாடு அப்படியே இருக்கும். அது தாங்கிய கூரைதான் இருக்காது. விளக்க நாவல்களைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வரும்.

விளக்காமல் விடுவதால் தவறாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. அதுவும் சுகத்தில் சேர்ந்ததே. சோவியத் காலத்து மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் தமிழில் தந்த நூல்களில்தான் என் தலைமுறை ருஷ்யாவைக் கற்றது. டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் அப்படி வந்ததே. சமோவார் என்ற ருஷ்யத் தேநீர்க் கொதிகலத்தைப் பல ஆண்டுகள் எங்கள் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையின் பித்தளை பாய்லராகவே கற்பனை செய்திருந்தேன், பெரிதாகத் தவறில்லை. ஆனால் குடியானவர் வீட்டுக் கிழவர் அடுப்பின் மேல் ஏறிப் படுத்தார் என்று வந்தபோது, அச்சுப் பிழை என்றே நினைத்தேன். அறையளவு பெரிய செங்கல் அடுப்பு, அதன் மேல்தளத்தின் வெதுவெதுப்பில் முதியவர்கள் உறங்குவார்கள் என்பது வேறொரு நாவலின் நடுவில்தான் புரிந்தது. வெப்பத்தை வெளியே அனுப்புவதற்காக நடுவில் வானத்தைத் திறந்துவைத்து வீடு கட்டும் ஊரில் வளர்ந்தவனுக்கு, வெப்பத்தைப் பூட்டிவைப்பதற்காகக் கட்டப்பட்ட வீடு என்ற எண்ணமே அதுவரை தோன்றியிருக்கவில்லை. அன்றைக்கு நான் ருஷ்யாவைவிட எங்கள் வீட்டைப் பற்றித்தான் அதிகம் கற்றேன்.

எல்லாப் பக்கமும் தங்கம் என்று சொல்லமாட்டேன். 'போரும் வாழ்வும்' நாவலின் இறுதியில் டால்ஸ்டாய் வரலாற்றை இயக்குவது எது என்று வாதம் செய்யும் இரண்டாம் பின்னுரையை இரண்டு முறை தாண்டிச் சென்றிருக்கிறேன். மூன்றாம் முறை படித்தும் தாண்டியதற்கு வருந்தவில்லை. தாண்டுவது வாசகன் உரிமை. ஆனால் எதைத் தாண்டுவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். சுருக்கியவர் முடிவு செய்யக் கூடாது.

எதில் தொடங்குவது என்று தம்பி பேரன் கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். தமிழில் படிக்க வேண்டுமானால் 'போரும் வாழ்வும்' நூலையே எடுக்கலாம். பக்கத்து ராயவரத்தில் பிறந்து, இளமையில் பர்மாவில் இருந்து திரும்பி, 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கிய வை. கோவிந்தனின் சக்தி காரியாலயம், டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் அதை வெளியிட்டது. அவ்வளவு பெரிய நாவலைத் தமிழில் அச்சிடத் துணிந்தவர் இந்த மண்ணுக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அத்தியாயங்கள் சிறியவை; இரவு உணவுக்குப் பின் நான்கைந்து என்று வைத்துக்கொண்டால் ஒரு பருவத்தில் முடியும். தஸ்தயெவ்ஸ்கி வேண்டுமானால் காரைக்குடியில் பிறந்த எம். ஏ. சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' இரண்டும் இருக்கின்றன. முதல் நூறு பக்கத்துக்கு ஒரு தாளில் பெயர்களை உறவுமுறையோடு எழுதிக்கொள்ளுங்கள், மொய் நோட்டு எழுதுவதைப் போல. நூறு பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கவேண்டி வந்தால், அது உங்களுக்கான நாவல் அன்று, வேறொன்றை எடுங்கள்.

என்னுடைய 'போரும் வாழ்வும்' படிக்குள் நான் அப்போது எழுதிய தாள் இன்னும் இருக்கிறது. தம்பி பேரன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது தாளோடு எடுத்துப் போகலாம். கடைசிப் பாகம் மட்டும் இப்போது என்னிடம் இல்லை. எட்டு ஆண்டுக்கு முன் ஒரு பங்காளி வாங்கிப் போனார். அவன் அந்தப் பாகத்துக்கு வந்து சேர்வதற்குள் வசூலித்து வைக்கிறேன்.